கேமரா போடாத மாணவி

பதினோரு வருஷம் வகுப்பறையில் உழைத்த தொண்டை ஒரு நாள் காலையில் மக்கர் செய்து உட்கார்ந்துவிட்டது. குரல்நாணில் காய்ப்பு விழுந்திருக்கிறது, இனிமேல் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே நின்று கத்தினால் இருக்கிற குரலும் போய்விடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கணக்கு டீச்சர் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வந்தவள் சும்மா இருக்கவில்லை. துணி தேய்க்கும் அறையை ஒழித்து, முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி ஜன்னலுக்கு எதிரே மேஜையைப் போட்டு, ஒரு ஆன்லைன் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்து, இதோ நாலு மாதம் ஓடிவிட்டது.

வீட்டில் மூன்று பேர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் கணவன், அவளை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவான். முதலில் கிண்டலாக ஆரம்பித்தது, பிறகு அதுவே பெயராகிவிட்டது. அப்புறம் அவனுடைய அக்கா. புருஷனோடு ஒத்துவராமல் தம்பி வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. டீச்சருக்கு அண்ணி முறை. ஆஸ்பத்திரியில் துணிக்கிடங்கு அவள் பொறுப்பு. தினமும் அறுநூறு படுக்கை விரிப்புகளை எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுக்கிறவள். காலை பத்து மணிக்குப் போனால் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவாள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

அன்றைக்குக் காலையில் ஒன்பதரை மணிக்கே நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அம்மாவிடமிருந்து போன் வந்துவிட்டது.

“டீச்சர், இன்னிக்கு சாயந்திரம் உங்க கிளாஸ்ல நான் உட்காரப் போறேன். கடைசியில இருந்து பார்த்துக்கிட்டிருப்பேன். நீங்க பாட்டுக்கு நடத்துங்க.”

“தாராளமா வாங்க மேடம்.”

“ரெண்டு விஷயம். நீங்க மூணு பாடம் பின்தங்கியிருக்கீங்க. பின்னத்துலயே மூணு வாரமா நிக்கறீங்க.”

“ஆமா மேடம். அதுல ஒருத்தங்க சிக்கிக்கிட்டு...”

“அதுதான் ரெண்டாவது விஷயம். அந்த விருந்தினர். சேர்ந்து மூணு மாசத்துல ஒரு நாள்கூட கேமரா போடலை, ஒரு நாள்கூட வாய் திறக்கலை. அது ஆளா, சும்மா போனை ஆன் பண்ணி வெச்சிருக்காங்களான்னே தெரியலை. இன்னிக்கும் கேமரா போடலைன்னா குழுவிலிருந்து எடுத்துடுங்க. ஒருத்தருக்காக மத்தவங்க காத்திருக்க முடியாது.”

டீச்சருடைய சாயந்திர வகுப்பில் ஐந்து பேர். ஐந்து பேரும் பெரியவர்கள். என்றைக்கோ கணக்கில் கோட்டைவிட்டு, இப்போது தனித்தேர்வர்களாகப் பள்ளி இறுதித் தேர்வு எழுதப் போகிறவர்கள். ஒரு லாரி ஓட்டுநர், ஒரு தையல்காரர், ஒரு காவலாளி, இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒருத்தி. நிறுவனத்திடம் ஒரு போன் எண் கொடுத்தாலே சேர்ந்துவிடலாம் என்பதால் ஐந்தாவது ஆள் சேரும்போது பெயர் போடவில்லை. அதனால் திரையில் கறுப்புக் கட்டத்துக்குக் கீழே ‘விருந்தினர்’ என்று அதுவாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. எதைக் கேட்டாலும் தட்டச்சில்தான் பதில் வரும். ஒரு தடவை காவலாளி ‘சார்’ என்று கூப்பிட்டபோது ‘சார் இல்லை, அக்கா’ என்று வந்ததிலிருந்து அது பெண் என்பது மட்டும் தெரியும்.

போனை வைத்துவிட்டு டீச்சர் சமையலறைக்கு வந்தாள். அண்ணி சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன, காலையிலேயே முகம் சுண்டிப் போயிருக்கு?”

“ஒரு மாணவி அண்ணி. முகத்தையே காட்டமாட்டேங்கறா. இன்னிக்கும் காட்டலைன்னா வெளிய அனுப்பிடச் சொல்லிட்டாங்க.”

அண்ணி டப்பாவின் மூடியை அழுத்தினாள். அது சரியாக உட்காரவில்லை. மறுபடி அழுத்தினாள்.

“அவ முகம் தெரிஞ்சு உனக்கு என்ன ஆகப்போகுது?”

“எனக்கு ஒண்ணும் ஆகவேண்டாம். ஆனா அவ எங்க இடறி விழறான்னு தெரியலையே. கலப்புப் பின்னம் கொடுத்தா ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு விடை. நேத்து மூணேமுக்கால் சொச்சம் வரவேண்டிய இடத்துல பன்னெண்டரைன்னு அனுப்பறா. எங்கேயிருந்துதான் அந்தப் பன்னெண்டரையைப் பிடிச்சான்னு நானும் மண்டையை உடைச்சுக்கிட்டேன். நேர்ல இருந்தா நோட்டை எட்டிப் பார்த்திருப்பேன். இதுல விடை மட்டும்தானே வருது?”

“மக்குன்னு விட்டுடேன்.”

“மக்கு இல்லை அண்ணி. மக்கா இருந்தா ஒரு நாள் ஒரு தப்பு, இன்னொரு நாள் வேற தப்பு வரும். இவ அதே கணக்கை மறுபடி கொடுத்தாலும் அதே தப்பை ஒழுங்கா பண்றா. எங்கேயோ ஒரு காரணம் இருக்கு.”

அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “பாவம், முகம் காட்டாததுக்கும் ஒரு காரணம் இருக்கும்” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டாள்.

பகல் முழுவதும் டீச்சர் வாயைத் திறக்கவில்லை. சாயந்திரம் ஒரு மணி நேர வகுப்பு என்றால் பகலில் குரலைச் சேர்த்து வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் அவள் பேசக்கூடாது என்பது டாக்டர் போட்ட கோடு. முதல் வாரம் அழுகையே வந்தது. பேசாமல் எப்படிக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது?

பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ஐந்து பேரும் தலையாட்டுவார்கள், ஒரு பிரயோஜனமும் இல்லை. ‘முதல்ல என்ன செய்வீங்க, சொல்லுங்க’ என்று கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். கேள்வியைக் கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். திரையில் அந்தப் பத்து எண்ணிக்கை ஒரு யுகம் மாதிரி இருக்கும், வாய் துறுதுறுவென்று வரும். அடக்கிக்கொண்டால் எட்டாவது எண்ணிக்கையில் யாராவது பேசிவிடுவார்கள். கடைசி பத்து நிமிஷம் டீச்சர் மாணவி, மாணவர்களில் ஒருவர் டீச்சர். லாரி ஓட்டுநர் அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே சட்டையை மாற்றிக்கொண்டு, வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு வருகிறவர்.

ஐந்தே முக்காலுக்கு டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். நான்கு தடிப் புத்தகங்களை அடுக்கி, மேலே ஒரு மர ஸ்கேலை நீட்டி, அதன் நுனியில் பழைய போனைக் கவிழ்த்துக் கட்டியிருந்தாள். அதன் கேமரா கீழே இருக்கும் நோட்டைப் பார்க்கும். அதுதான் அவளுடைய கரும்பலகை. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டாள். இன்னொரு காது வீட்டுக்கு. பழக்கம் அப்படி.

ஆறு மணி. ஒவ்வொரு கட்டமாக வெளிச்சமானது. காவலாளி, தையல்காரர், இரண்டு குழந்தைகளின் தாய், லாரி ஓட்டுநர். ஒரு மூலையில் மேற்பார்வையாளர் அம்மா, பேனாவும் தாளுமாக. கடைசியில் கறுப்புக் கட்டம். விருந்தினர்.

“முதல்ல நேத்துப் போட்ட ஒரு கணக்கு,” என்றாள் டீச்சர். நோட்டில் பெரிதாக எழுதினாள். இரண்டும் மூன்றில் ஒன்றும். அதோடு ஒன்றரையைக் கூட்ட வேண்டும். “யாரும் விடை சொல்ல வேண்டாம். முதல்ல எதைத் தொடுவீங்க, அதை மட்டும் சொல்லுங்க.”

எண்ண ஆரம்பித்தாள். ஏழு வந்ததும் தையல்காரர் தொண்டையைச் செருமினார்.

“முழுசை முழுசோட கூட்டிடுவேன் டீச்சர். ரெண்டும் ஒண்ணும் மூணு. துண்டுத் துணியை அப்புறம் ஒட்டுப் போடுவேன்.”

“நல்லது. வேற வழி?”

“எல்லாத்தையும் துண்டாக்கிடலாம்,” என்றார் லாரி ஓட்டுநர். “சரக்கைப் பிரிச்சுட்டா ஏத்தறது சுலபம்.”

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். அப்போதுதான் மேற்பார்வையாளர் அம்மாவின் குரல் குறுக்கே வந்தது.

“மன்னிக்கணும் டீச்சர். அந்த விருந்தினர் என்ன சொல்றாங்க? விருந்தினர், கேமரா போட்டு, மைக்கை ஆன் பண்ணிப் பேசுங்க.”

கறுப்புக் கட்டம் அசையவில்லை.

“ஆன் பண்ணுங்கம்மா. இன்னிக்கு இது கட்டாயம்.”

டீச்சருக்குச் சங்கடமாக இருந்தது. “பயப்படாதீங்க,” என்றாள். “கேமரா இருக்கட்டும். மைக்கை மட்டும் போட்டு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

கட்டத்தின் ஓரத்தில் இருந்த மைக் அடையாளத்தில் குறுக்குக்கோடு மறைந்தது. யாரோ மூச்சை இழுக்கும் சத்தம்.

“சொல்லுங்க,” என்றாள் டீச்சர்.

அவளுடைய ‘சொல்லுங்க’ அவளுக்கே திரும்பி வந்தது. அரை நொடி கழித்து, ஹெட்போனில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. அவள் எதிரொலி என்று நினைத்தாள். ஆன்லைன் வகுப்பில் இதெல்லாம் சகஜம்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேன் போடுகிறவர் வாசலில் அழைப்பு மணியை அழுத்தினார். அந்த வீட்டு மணி பேட்டரி தீரும் நிலையில் இருந்தது. பாட ஆரம்பித்து, நடுவில் விக்கி, இழுத்து, படுத்துவிடும். மாற்ற வேண்டும் என்று இரண்டு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மணி விக்கியது. டீச்சரின் திறந்திருந்த காதில் ஒரு தடவை கேட்டது. ஹெட்போன் மாட்டிய காதில் இன்னொரு தடவை கேட்டது. அதே விக்கல், அதே இழுவை.

டீச்சர் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது.

விருந்தினர் இந்த வீட்டில் இருக்கிறாள்.

ஹாலைத் தாண்டி ஒரே ஒரு அறைதான் உண்டு. அண்ணியின் அறை. அண்ணி வேலையிலிருந்து எப்போது வந்தாள்? டீச்சர் கதவைச் சாத்தியபிறகு சத்தமில்லாமல் சாவி போட்டு வந்திருக்க வேண்டும். காலையில் டப்பா மூடியை இரண்டு தடவை அழுத்திய கை டீச்சருக்கு ஞாபகம் வந்தது. ‘மக்குன்னு விட்டுடேன்’ என்ற குரலும்.

“விருந்தினர்?” என்றார் மேற்பார்வையாளர் அம்மா. “பேசறீங்களா? இல்லேன்னா டீச்சர் உங்களை எடுத்துட வேண்டியதுதான்.”

அண்ணி பேசினால் டீச்சருக்குத் தெரிந்துவிடும் என்று அண்ணி பயப்படுகிறாள். டீச்சருக்குத் தெரிந்துவிட்டது என்று அண்ணிக்குத் தெரியாது. இந்தப் பக்கமும் போக முடியாமல் அந்தப் பக்கமும் போக முடியாமல் டீச்சர் ஒரு விநாடி தவித்தாள். பிறகு குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

“மேடம், ஒரு நிமிஷம். விருந்தினர், நீங்க பேச வேண்டாம். மைக்கை அணைச்சுடுங்க. உங்க முகமும் எனக்கு வேண்டாம். கேமராவை மட்டும் போட்டு, போனைக் கவிழ்த்துப் பிடிங்க. எனக்கு உங்க நோட்டுதான் வேணும். ரெண்டு புத்தகத்துக்கு நடுவுல போனை நிறுத்தினாலும் சரி. நீங்க கணக்குப் போடறதை நான் பார்க்கணும். அவ்வளவுதான்.”

பத்து வரை எண்ணினாள். பதினைந்து ஆனது. இருபது ஆனது.

கறுப்பு மறைந்தது.

கோடு போட்ட நோட்டு. அதன் மேல் ஒரு வலது கை. ஆள்காட்டி விரலில் இஸ்திரி மெஷின் சுட்ட பழைய தழும்பு. தினமும் சாப்பாட்டு மேஜையில் எதிரே பார்க்கும் கை.

கை எழுதத் தொடங்கியது. டீச்சர் திரையை நோக்கிக் குனிந்தாள்.

முதலில் 2. அதை ஒட்டி, இடைவெளியே இல்லாமல், 1/3. அடுத்து ஒன்றரைக்கு 1, அதையும் ஒட்டி 1/2. அண்ணியின் எழுத்து பொடி எழுத்து. கோட்டைச் சாய்த்துப் போடுகிறவள். தாளில் இருந்தது என்னவோ 21/3, 11/2.

கை ஒரு கணம் தயங்கிவிட்டு, தான் எழுதியதையே படித்துக் கணக்குப் போட்டது. இருபத்தொன்றை மூன்றால் வகுத்தால் ஏழு. பதினொன்றை இரண்டால் வகுத்தால் ஐந்தரை. இரண்டையும் கூட்டினால் பன்னிரண்டரை.

“அடக் கடவுளே!” என்று டீச்சர் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

கை சட்டென்று நோட்டை மூடப் போனது.

“மூடாதீங்க, மூடாதீங்க! உங்க கணக்குல ஒரு தப்பும் இல்லை. வகுத்தது சரி, கூட்டினது சரி. எழுதினதுதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. மறுபடி எழுதுங்க. ரெண்டைப் பெரிசா எழுதுங்க. ஒரு விரல் இடம் விடுங்க. இப்ப கோட்டைப் படுக்கப் போடுங்க. மேல ஒண்ணு, கீழ மூணு. அவ்வளவுதான்.”

கை எழுதியது. மெதுவாக, பெரிதாக. இடம் விட்டு. பிறகு யாரும் சொல்லாமலே துண்டுகளாக்கி, ஆறால் சமன் செய்து, கூட்டி, கடைசி வரியில் மூன்று என்று எழுதி, ஒரு விரல் இடம் விட்டு, ஆறில் ஐந்து என்று முடித்தது.

“சரியா வந்துடுச்சு!” என்று கத்தினார் லாரி ஓட்டுநர். தன் வண்டியில் தனியாக உட்கார்ந்திருந்தவர் கையைத் தட்டினார். காவலாளியும் தட்டினார். மேற்பார்வையாளர் அம்மா எதையோ எழுதிக்கொண்டார்.

நோட்டின் மேலிருந்த கை எழுத்தை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தது. பிறகு கேமரா அணைந்தது.

வகுப்பு முடிந்ததும் மேற்பார்வையாளர் அம்மா தனியாகப் பேசினார். “அந்த நோட்டு விஷயம் நல்லாத்தான் இருந்தது. மத்த டீச்சர்கள்கிட்டயும் சொல்றேன். முகத்துக்குப் பதிலா நோட்டுன்னா அவங்களை வெச்சுக்கலாம். ஆனா மூணு பாடம் பின்தங்கினது பின்தங்கினதுதான் டீச்சர். அதுக்கு நீங்கதான் வழி பண்ணணும்.”

டீச்சர் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். கதவைத் திறக்க மனசு வரவில்லை. தெரியாத மாதிரியே இருந்துவிடலாமா? இன்னும் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு விருந்தினர் விருந்தினராகவே இருந்துவிட்டுப் போகட்டுமே? அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனால் அவள் வெளியே வந்தபோது அண்ணி சாப்பாட்டு மேஜை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் நோட்டு.

“எப்பேர்ந்து தெரியும்?”

“இன்னிக்குத்தான் அண்ணி. மணி ரெண்டு தடவை கேட்டுது.”

“துவைக்கற மெஷின் ரிப்பேர்னு சீக்கிரம் அனுப்பிட்டாங்க. காதுல மாட்டறதை லாக்கர்லயே விட்டுட்டேன். மத்த நாளெல்லாம் கிடங்குலதான் உட்காருவேன், விரிப்புக் கட்டுக்கு நடுவுல.” அண்ணி நோட்டை மேஜை மேல் வைத்தாள், கொஞ்சம் ஓசையோடு. “உண்மையைச் சொல்லு. நான்னு தெரிஞ்சதும் எனக்காகச் சுலபமாக்கினியா?”

“இல்லை.”

“மக்கு இல்லைன்னு காலைல சொன்னியே, அது?”

“அப்ப நீங்கன்னு எனக்குத் தெரியாதே. முகம் தெரியாத ஒருத்தியைப் பத்தித்தானே சொன்னேன்?”

அண்ணி அதை மனசுக்குள் எடைபோட்டுப் பார்த்தாள் போலிருக்கிறது. பதில் சரியான எடையில் இருந்திருக்க வேண்டும், நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“எதுக்கு அண்ணி இதெல்லாம்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருக்கலாம்தான். கிடங்குக்கு நிரந்தரப் பொறுப்பாளர் போடப் போறாங்க. எட்டு மாசமா அந்த வேலையை நான்தான் பார்க்கறேன். ஆனா பள்ளி இறுதிச் சான்றிதழ் வேணுமாம். எனக்குக் கணக்கு ஒண்ணுதான் பாக்கி.” அண்ணி நிறுத்தினாள். “வேற எங்கேயாவது சேரலாம்னுதான் பார்த்தேன். ஒரு நாள் லீவுல படுத்திருந்தேன். ஹாலுக்கு அந்தப் பக்கம் நீ ஏதோ கேள்வி கேட்டே. கேட்டுட்டுச் சும்மா இருந்தே. யாரும் பேசலை. எனக்கு விடை தெரிஞ்சுடுச்சு, படுத்தபடியே வாய்க்குள்ள சொன்னேன். அப்புறம் அங்க யாரோ சொல்லியிருக்கணும், நீ ‘ரொம்ப சரி’ன்னே. எனக்கே சொன்ன மாதிரி இருந்தது. இத்தனை வயசுல யாரும் எனக்குக் கணக்குல ‘சரி’ன்னு சொன்னதில்லை.”

டீச்சர் மேஜையிலிருந்த நோட்டை அண்ணி பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“ஒண்ணு மட்டும். உன் புருஷனுக்குத் தெரிய வேண்டாம்.”

“அவர் ஒண்ணும் சொல்லமாட்டார் அண்ணி. சந்தோஷம்தான் படுவார்.”

“தெரிய வேண்டாம்னா வேண்டாம். வீட்டுல யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான் ஹால் டிக்கெட்டுக்குக்கூட இந்த முகவரியைக் கொடுக்கலை. வீட்டுக்கு வந்தா நீதானே வாங்குவே? அதான்...”

“எந்த முகவரி கொடுத்தீங்க?”

அண்ணிக்கே தான் செய்தது அப்போதுதான் உறைத்தது போல முகம் மாறியது. “அவசரத்துல எழுதினேன். ஆஸ்பத்திரிக்கு வந்தா பத்துக் கை மாறும். எனக்குத் தெரிஞ்ச இன்னொரு முகவரி அது ஒண்ணுதான்.”

“எது அண்ணி?”

“அவன் வேலை பார்க்கற கடை.”

வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

கணவன் உள்ளே வந்தான். தண்ணீர் கேனைக் காலால் நகர்த்தினான், செருப்பைக் கழற்றினான், கைப்பையைக் கொக்கியில் மாட்டினான். எல்லாம் வழக்கத்தைவிட மெதுவாக. பிறகு சட்டைப் பையிலிருந்து நீளமான பழுப்புக் கவர் ஒன்றை எடுத்தான். ஓரம் கிழிந்திருந்தது.

“கடைக்கு வந்துது அக்கா. கடைப் பேர் போட்டிருந்தது, ஏதோ பில்லுன்னு பிரிச்சுட்டேன்.” அவன் மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லாததையும் பார்த்தான். “உனக்கும் தெரியுமா? அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாதா? என்கிட்ட ஏன் அக்கா சொல்லலை?”

அண்ணி எழுந்திருக்கவில்லை.

“உட்காரு. சொல்றேன். நான் முடிக்கிற வரைக்கும் நடுவுல பேசாதே.”

அவன் உட்கார்ந்தான்.

“எனக்குப் பதினாறு வயசு. கணக்குல போச்சுன்னு ரிசல்ட் வந்த அன்னிக்கு வீட்டுல ஏழெட்டுப் பேர் இருந்தாங்க. அப்பா கேள்வித்தாளைக் கொண்டு வரச் சொன்னார். முதல் கேள்வி பின்னக் கணக்கு. அதை உன்கிட்ட நீட்டினார். நீ தரையில உட்கார்ந்து சாக்பீஸால போட்டே. ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. எல்லாரும் கையைத் தட்டினாங்க. நீ எழுந்து நின்னு, ‘இதுகூடத் தெரியாதா அக்கா?’ன்னு கேட்டே. அப்பா சிரிச்சார். எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்த வாரம் அப்பா மறுபடி எழுதறியான்னு கேட்டப்ப, வேண்டாம்னுட்டேன்.”

கணவன் கவரின் கிழிந்த ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தான்.

“எனக்கு ஞாபகமே இல்லை அக்கா,” என்றான் அவன் கடைசியில். “சத்தியமா ஞாபகமே இல்லை. எனக்கு அப்ப பன்னெண்டு வயசுதானே?”

“ஆமா. பன்னெண்டு வயசு. அதனாலதான் இருபத்தாறு வருஷமா உன்மேல கோபப்படவும் முடியலை.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணி கையை நீட்டி அவன் கையிலிருந்த கவரை வாங்கப் போனாள். அவன் உடனே கொடுக்கவில்லை. இரண்டு கைகளாலும் எடுத்து, கசங்கியிருந்த ஓரத்தை மேஜையில் வைத்து நீவிவிட்டு, அப்புறம்தான் கொடுத்தான்.

“எழுது அக்கா. நான் வாயே திறக்கமாட்டேன். பரீட்சை அன்னிக்குக் கொண்டுபோய் விடறேன். அன்னிக்குக் கடைக்கு லீவு சொல்லிடறேன், பன்னெண்டாம் தேதி...”

“இருபத்தெட்டு,” என்றாள் டீச்சர். நிறுவனம் அவளுக்குச் சொல்லியிருந்த தேதி அது.

“பன்னெண்டுன்னு போட்டிருக்கே?”

டீச்சர் அண்ணியின் கையிலிருந்து தாளை வாங்கினாள். புகைப்படம், எண், தேர்வு மையம். தேதி பன்னிரண்டு. கீழே பொடி எழுத்தில், தனித்தேர்வர்களுக்கான தேர்வு முன்கூட்டியே நடத்தப்படும் என்று ஒரு வரி. அண்ணிக்கு மட்டும் வந்த தேதி இல்லை இது. லாரி ஓட்டுநருக்கும் தையல்காரருக்கும் காவலாளிக்கும் அந்தத் தாய்க்கும் இதேதான் வரப்போகிறது. இன்றைக்குத் தேதி ஒன்று. இன்னும் பதினோரு நாள். மூன்று பாடம் தொடவே இல்லை.

அண்ணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் பாஸாவேனா?”

கணவன் வாயைத் திறந்தான், சொன்ன வார்த்தை ஞாபகம் வந்து மூடிக்கொண்டான். ‘கண்டிப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். டீச்சரின் நாக்கு நுனிவரை வந்தது. பதினோரு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அதைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

“தெரியலை அண்ணி,” என்றாள்.

அண்ணியின் தோள்கள் தளர்ந்தன. அவள் முகத்தில் வந்தது சிரிப்புதானா என்று டீச்சரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

“பொய் சொல்லலை பாரு, அது போதும்.” நோட்டைத் திறந்து ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டி, எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். “வந்து உட்காரும்மா. எந்தப் பாடத்தை விடலாம், எதை விடக்கூடாது, அதை முதல்ல எழுது.”